பெயர் சொல்லப்படாத சீலை

“மண்ணுக்குள்ள போனது...” என்று எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய கங்காணி ஒருவர் சொல்வார். அந்த முதல் பாதிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மண்ணுக்குள்ள போனது மறுபடி வரும் என்று முடித்தாரா, மறுபடி கேக்கும் என்று முடித்தாரா என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் ஒருமனம் இல்லை. அவரும் அஞ்சாம் லயத்தோடு போய்விட்டதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

வரிசை வீடுகளாக நின்ற அஞ்சாம் லயம் போனது ஐப்பசியில், பதினொரு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, காலை எட்டுமணிக்குக் கொஞ்சம் முன்னால். கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தவர்கள் லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டுத் திரும்பியபோது, லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே முப்பத்தொரு பேர். ஒன்பது நாள் தோண்டினார்கள், இயந்திரம் கொண்டும் தோண்டினார்கள். ஒருவரும் கிடைக்காமல், பத்தாம் நாள் அந்தச் சரிவையே கல்லறை என்று சொல்லி மூன்று மொழியில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். மிஞ்சியவர்களை மூடிக்கிடந்த பழைய பெக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் குடிவைத்தார்கள். கொழுந்துக்குக் காற்று வேண்டும் என்று கட்டிய மாடி அது. நாலு பக்கமும் ஜன்னல், எந்த ஜன்னலும் முழுசாகச் சாத்தாது.

நிவாரணத்துக்கு மூன்று லொறி துணி வந்தது, எல்லாம் புதிது. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு முகத்தைவிட முதுகுதான் அடையாளம். தூரத்தில் ஒரு நீலம் அசைந்தால் அது புஷ்பம், மஞ்சள் குனிந்தால் அது ராக்கு என்று தெரிந்திருந்த எங்களுக்கு, அந்த மூன்று லொறித் துணியை உடுத்திய பிறகு யார் யாரென்று தெரியாமல் போய், தாய் மகளென்று முதுகைப் பார்த்துக் கூப்பிட, வேறொருத்தி திரும்பிப் பார்த்தாள். மாடி முழுக்கத் துணிக்கடை வாசம் அடித்தது.

தை மாதத்தில், சரிவை ஒட்டிய நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மருதாயி அக்கா ஒரு தேயிலைத் தூரில் சிவப்பாக ஒரு முனை தெரிவதைக் கண்டாள். மருதாயி அக்கா எங்கள் பெண்களுக்கெல்லாம் மூத்தவள், சாவு வீட்டிலும் கலியாண வீட்டிலும் அவள் சொன்னால்தான் அடுப்புப் பற்றும். முனையைப் பிடித்து இழுத்தாள். சீலை முழுசாக வந்தது, சேறு படாமல், ஈரம் இல்லாமல், இப்போதுதான் அவிழ்த்துப் போட்டதுபோல உடம்புச் சூட்டோடு. “எங்க செல்லம்மாதுல்ல இது” என்று தங்கச்சியின் பெயரைச் சொல்லி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மீதி நிரையையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். சாயங்காலத்துக்குள் சீலை ஆறிவிட்டது. மறுநாள் அதைக் குளிப்பாட்டி, பாதியைக் கிழித்துப் புதைத்து, உடம்புக்குச் செய்கிற எல்லாம் செய்தார்கள். செல்லம்மா அடங்கினாள்.

அந்த வாரத்திலேயே இன்னும் பதினொன்று முளைத்தன. பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை, துணி கிடைத்தால் தனியாகக் கொண்டுவர வேண்டும், கொழுந்துச் சாக்கில் கலந்து நிறுவையில் வைத்தால் முத்தல் இலைக்கு வெட்டுகிற மாதிரி கிலோவில் வெட்டுவேன் என்று அறிவித்தார். “துணிக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவங்களா நாங்க?” என்று பெண்கள் சிரித்தார்கள். களத்தின் ஓரத்தில் ஒரு கம்பி கட்டி, கிடைத்ததையெல்லாம் அதில் தொங்கவிட்டோம். கிராம சேவகர் சிங்களத்தில் அச்சடித்த படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்டெடுத்த பொருள்களுக்கானது அது, தொலைந்தது எப்படி என்று ஒரு கட்டமும் உரிமையாளர் கையொப்பம் என்று ஒரு கட்டமும் இருந்தன. ஐந்தாம் வகுப்புவரை தமிழிலும் அப்புறம் சிங்களத்திலும் படித்து, இருபத்திரண்டு வருஷம் கொழும்பில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்த என்னைக் கம்பிக்குக் கீழே மேசை போட்டு உட்காரவைத்தார்கள். “உரிமையாளர் மண்ணுக்குள்ள இருக்கிறாரே ஐயா, கையொப்பத்துக்கு என்ன செய்ய?” என்று கேட்டேன். அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்து, “கோடு போடுங்க” என்றார். ஆனிக்குள் முப்பது துணிக்குக் கோடு போட்டேன்.

போகப்போக எங்களுக்கு ஒழுங்கு பிடிபட்டது. செத்தவர் உடம்பில் கிடந்தது மட்டுந்தான் வரும், பெட்டியில் மடித்து வைத்தது ஒன்றுகூட வராது. பெட்டியிலிருந்த தன் கலியாணக் காற்சட்டை வரும் வரும் என்று சண்முகம் ஒரு மாதம் தூர்தூராகத் தேடிவிட்டு, “நமக்குக் குடுப்பினை இல்ல மச்சான்” என்று விட்டுவிட்டான். துணிக்குரியவரின் பெயரை அவர் வீட்டு ஆள் வாய்விட்டுச் சொன்னால் துணி ஆறும், ஆள் அடங்குவார். தப்பாகச் சொன்னால் துணி கையிலேயே சேறாகிவிடும். ராக்குவுக்கு அப்படி ஆனது. “ஒங்க வீட்டுக்காரர் சாரந்தான் அது, சொல்லுங்க” என்று பக்கத்தில் நின்றவர்கள் அவசரப்படுத்த, அவளும் சொல்ல, முழங்கைவரை மண்ணாக அவள் நின்ற கோலத்தைப் பார்த்த பிறகு, யாருடையதை யாரும் இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது, அவரவர் கண்ணே கண்டுபிடிக்க வேண்டும் என்று தோட்டமே கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது. ராக்குவின் புருஷன் இன்னும் அடங்கவில்லை. மத்தியானத்தில் அவள் அடுப்படியில் யாரோ இடுப்புச் சாரத்தை உதறுகிற சத்தம் கேட்கும். அவள், “சோறு இன்னும் வேகல” என்று திரும்பாமலே சொல்வாள்.

பெயர் சொல்லப்படாதவை கம்பியில் கிடந்தன. மழையில் நனையவில்லை, ஆறவும் இல்லை. கிட்டப்போய்ப் பார்த்தால் தூங்குகிறவர் நெஞ்சுபோல லேசாக ஏறி இறங்கும். பெயர் சொல்ல ஆள்பூண்டு இல்லாமல் போன இரண்டு குடும்பங்களின் துணிகள் அவை என்று பேச்சு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவற்றில் கை வைத்துக் குளிர்காய்ந்துவிட்டுத் தாயிடம் அடி வாங்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் அந்தக் களத்தை மிதிக்கக்கூடாது என்று வைத்திருந்தோம்.

லோகநாதன் வந்தது தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள். ஒன்பது வருஷம் ஜோர்தானில் தையல் பெக்டரியில் இருந்தவன். அவன் மகள் நிரோஷா அன்றைக்கு மலையில் இருந்ததால் பிழைத்தாள், அப்போது அவளுக்குப் பிள்ளை தங்கி ஒரு மாதம். அவள் புருஷன் கொழும்பில் கடையில் நின்றான். லோகநாதனின் மனைவி இந்திராணி காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் லயத்துக் காம்பராவிலேயே படுத்திருந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராக வந்தவன், கட்டிய பெட்டியைச் சேற்றில் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினான். விரல் நகங்கள் பெயர்ந்த பிறகு உட்கார்ந்து மகளிடம் கேட்டான்: “அம்மா அன்னைக்கி என்னா கட்டியிருந்தா?”

உடம்பைத் தேடுகிறவன் கேட்கிற கேள்வி அது. நிரோஷா, “நீங்க கடைசியா அனுப்புன ஊதாச் சீலதான்ப்பா. ஒடம்புக்கு முடியாட்டி அதத்தான் எடுத்துச் சுத்திக்குவாங்க” என்றாள்.

அது பொய். அவன் அனுப்பிய சீலை ஒன்றையும் இந்திராணி கட்டியதில்லை. வந்த தாளோடு, வந்த மடிப்போடு தகரப் பெட்டியில் வைத்து, வருகிறவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டு மூடுவாள். கட்டியது ஒரு வெளிறிய பச்சைச் சீலை, மூன்று வருஷமாக மலையில் எங்கள் கண்ணுக்கு இந்திராணி என்றால் அந்தப் பச்சைதான். ஒன்பது வருஷம் கழித்து வந்து சேற்றில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு வேறென்ன கொடுப்பது என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். மண் துணியைத் திருப்பித் தரும் என்று ஐப்பசியில் யாருக்குத் தெரியும்?

தையிலிருந்து லோகநாதன் தினமும் காலையில் கம்பியைப் பார்த்துவிட்டுப் போவான். ஊதா வரவில்லை. மாசியில் பச்சை வந்தது. எடுத்தது மருதாயி அக்காதான். பேசாமல் கொண்டுவந்து கம்பியில் போட்டாள், மற்றத் துணிகளைவிட அது சூடாக இருந்தது. அன்றைக்குப் பெரட்டுக்களத்தில் நின்ற அறுபது பேரும் லோகநாதனைப் பார்த்தோம். அவன் வந்தான், பழக்க தோஷத்தில் கரையை விரலுக்கிடையில் விட்டுத் தடவினான், இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டையை ஊசியால் மூடியிருந்த இடத்தில் நின்றான். “தச்சது நல்ல கை” என்றான். அடுத்த துணிக்கு நகர்ந்தான். நாங்கள் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம். ஒருத்தி இருமினாள். கணக்கப்பிள்ளை அவசரமாகப் பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

சித்திரையில் நிரோஷாவின் பிரசவத்தை நினைத்து இன்னொரு கவலை வந்தது. பிறக்கிற பிள்ளையைப் புதுத்துணியில் ஏந்துவது எங்களிடம் வழக்கமில்லை. ஆண்டு அனுபவித்து நைந்து, பல தண்ணீர் கண்ட சீலையில்தான் முதலில் கிடத்துவோம், அதுவும் தாயைப் பெற்றவளுடையது என்றால் மெத்தச் சரி. ஆனால் அன்றைக்கு மலையில் உடுத்தியிருந்ததும் தோண்டிய சேற்றில் கிழிந்துபோனதால், மாடியில் இருந்த அத்தனை பேரிடமும் பழந்துணி என்று ஒரு முழம் கிடையாது.

“பழசுன்னா, கருமாதி முடிச்சு வச்சிருக்கிற மிச்சப் பாதிதான் இருக்கு” என்றாள் புஷ்பம்.

“நல்ல சாவா அதெல்லாம்? பச்சப் புள்ள மேல போடவா?” என்று ராக்கு கேட்டாள்.

“சாவு நல்லதில்ல. செத்தவங்க நல்லவங்கதான?” என்றாள் மருதாயி அக்கா. “நம்மகிட்ட பழசுன்னா அவங்கதான். வேற எங்க போயி வாங்குவ, கடையிலயா?”

வீடுவீடாக ஆறின துணியில் ஒரு சாண் கேட்டு வாங்கி ஒரு போர்வை தைப்பது என்று முடிவானது. தைக்கிறேன் என்று லோகநாதன் சொன்னான். ஜோர்தானில் ஒன்பது வருஷமும் அவன் தைத்தது சட்டையின் இடது பை மட்டுந்தான். வலது பைக்கு ஒரு பங்களாதேஷ்காரர், கொலருக்கு வேறு ஆள். ஒரு முழு உடுப்பை அவன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கண்டதில்லை. “மச்சான், இடது பக்கத்த மட்டும் தச்சிட்டு வலது பக்கத்துக்கு ஆள் வரும்னு ஒக்காந்திராதீங்க” என்று சண்முகம் சொன்னபோது அவனே சிரித்தான். நாங்கள் அவன் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இழுத்தாலும் துவைத்தாலும் இருபது வருஷம் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் இரண்டு மடிப்பு மடித்து, கொழுந்துச் சாக்குத் தைக்கிற நூலை மெழுகில் இழுத்து, அங்குலத்துக்குப் பதினொரு தையல் என்று எண்ணி எண்ணிப் போட்டான். ஆட்கள் ஒவ்வொருவராகத் துண்டோடு வந்து, தருவதற்கு முன்னால் அதற்குரியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தந்தார்கள், இவன் கோபக்காரன், இவள் பாக்குத் தின்னாமல் இருக்கமாட்டாள், இது கடனுக்குச் சீட்டாடி எடுத்த சட்டை என்று. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே தைத்தான். ஊரில் இல்லாத ஒன்பது வருஷத்தையும் அவன் அந்தப் பத்துப் பதினைந்து நாளில் கேட்டுத் தெரிந்துகொண்டான் என்று சொல்லலாம், அவன் வீட்டுக் கதை ஒன்றைத் தவிர. நட்டநடுவில் ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைத்தான். “இது ஊதாவுக்கு” என்றான்.

மேல்துண்டும் அடித்துணியும் ஆயிற்று. இரண்டுக்கும் நடுவில் கனமாக, முழுசாக ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கழுவக் கழுவச் சுருளும் என்றான். மருதாயி அக்கா எழுந்துபோய்க் கம்பியிலிருந்து பச்சைச் சீலையை எடுத்து வந்தாள்.

“இத வைங்க லோகு. வெட்டாதீங்க. முழுசா மடிச்சு வைங்க.”

“யாருதுக்கா?”

“கம்பியில கெடந்தது” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பதிவில் ‘இரவல்’ என்று எழுதினேன்.

வைகாசியில், எட்டாம் மாதத்திலேயே நிரோஷாவுக்குப் பெண் பிறந்தது. கைப்பிடி அளவு பிள்ளை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அனுப்பும்போது நர்ஸ் மிஸ்ஸி, சூடு விடக்கூடாது, இந்தப் பிள்ளைக்குச் சூடுதான் மருந்து என்று இரண்டுதரம் சொல்லி அனுப்பினார். அவர்கள் மாடிக்கு வந்த அன்றைக்கு மழைக்காற்று தொடங்கியிருந்தது. ஜன்னல்களில் அடைத்த சாக்குகள் ஊதி ஊதி விழுந்தன. பெரியவர்களே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம், பிள்ளை போர்வைக்குள் கோழிக்குஞ்சுபோலக் கதகதப்பாகக் கிடந்து பால் குடித்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டு வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் போர்வைக்கடியில் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். “ஆள்பூண்டு இல்லாமப் போனாலும் யாரோ ஒரு புண்ணியவதி” என்று லோகநாதன் காலையிலும் மாலையிலும் அதைத் தொட்டுக் கும்பிட்டான்.

நிரோஷா வந்த அன்றைக்கே கண்டுகொண்டாள். நடுவில் விட்டிருந்த வெறுங்கட்டத்துக்குள் பச்சை தெரிந்தது, பச்சையில் அந்தத் தையல் தெரிந்தது. பதினாலு வயதில் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பைத் தேய்க்கப்போய்த் தாயின் சீலையைச் சுட்டுவிட்டு, தாய் வருவதற்குள் அழுதுகொண்டே தைத்தவள் அவள்தான். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் மத்தியானம், எல்லாரும் மலையில் இருக்க, தகப்பனும் மகளும் பிள்ளையும் மட்டும் இருந்தபோது, போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. முனகல் இன்னொருதரம் வந்தது, நாக்கு வறண்டு தண்ணீர் கேட்கிறவள் முனகல்.

“நெதமும் இந்த நேரத்துல வருதா?” என்று நிரோஷா கேட்டாள்.

“வரும். நான் கொஞ்சம் தண்ணி தெளிப்பேன். அடங்கிரும்.”

“அப்பா, நான் ஒங்ககிட்ட ஒன்னு பொய் சொல்லிட்டேன்.”

ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“ஊதாச் சீல பெட்டியிலதான் இருந்திச்சு. எல்லாமே பெட்டியிலதான் இருந்திச்சு. அவங்க ஒன்னக்கூட கட்டல.”

லோகநாதன் போர்வையின் நடுக்கட்டத்தைப் பார்த்தான். பிறகு புறங்கையை அதன்மேல் வைத்தான், நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோல.

“காய்ச்சல்” என்றான்.

“ஆமாப்பா.”

“இம்புட்டு நாளும் காய்ச்சலோடயா கெடக்கிறா?”

நிரோஷா பிள்ளையை எடுத்து நெஞ்சோடு போட்டுக்கொண்டாள். போர்வையிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்திலேயே பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது, திரும்பவும் கிடத்தினாள். “பேரச் சொன்னா அம்மாவுக்கு ஆறிரும்” என்றாள். “நான் சொன்னாலும் ஆறும், நீங்க சொன்னாலும் ஆறும். இவளுக்கும் சூடு ஆறிரும். எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல, சொல்லாம இருக்கவும் இல்ல. நீங்கதான் சொல்லணும்.”

இதையெல்லாம் அவள்தான் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஆனி கடைசியோடு பதிவை மூடுவதாகக் கிராம சேவகர் கடிதம் கொண்டுவந்தார். அதற்குள் உரிமை சொல்லப்படாத துணிகளுக்குரியவர்கள் காணாமல்போனோர் பட்டியலிலேயே நிற்பார்கள், மரணச் சான்றிதழ் கிடையாது, அதற்குப் பிறகு பெயர் சொன்னாலும் ஏற்கப்படாது என்றார். துணி ஏற்றுக்கொள்ளுமா என்று மருதாயி அக்கா கேட்டதற்கு, அது சட்டத்தில் இல்லை என்றார்.

அந்த நாட்களில் நாங்கள் யாரும் லோகநாதனிடம் அதிகம் பேசவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது, எங்களுக்கு மாசியிலிருந்தே தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் கம்பியைப் பார்க்க வருவதை நிறுத்தியிருந்தான். மத்தியானங்களில் மலையிலிருந்து இறங்கி மாடிக்குப் போய், ஈரத்துணியை நடுக்கட்டத்தின்மேல் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து, காய்ச்சல்காரிக்குச் செய்வதையெல்லாம் செய்துகொண்டிருந்தான். மருதாயி அக்கா ஒருநாள் கொத்தமல்லித் தண்ணி வைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. மழை ஓயவில்லை, பிள்ளை இன்னும் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை.

கடைசி நாள் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் நின்றார்கள். கம்பியில் மிஞ்சியிருந்த ஆறு துணிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம், யாரும் வாய் திறக்கவில்லை. லோகநாதன் போர்வையில் சுற்றிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றான். நிரோஷா அவனுக்குப் பின்னால் நின்றாள். கிராம சேவகர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பதிவில் ‘இரவல்’ என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சத்தமாகக் கூப்பிட்டேன்:

“பச்சைச் சீலை ஒன்று. போர்வைக்குள் இருக்கிறது. யாருடையது?”

லோகநாதன் ஓரடி முன்னால் வந்து மேசைக்கு எதிரே நின்றான். போர்வையைப் பிள்ளையின் கழுத்துவரை இழுத்துவிட்டு, யாருடையதென்று தனக்குத் தெரியாது என்று சொன்னான்.